காய்ந்த தொட்டியில் காத்திருக்கும் கொசு முட்டை

ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் மாடு வளர்ப்பவர்களே, கோடையில் காய்ந்து கிடக்கும் சிமென்ட் தொட்டியின் உட்சுவரை உற்றுப் பாருங்கள். பழைய தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால், அவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளாக இருக்கலாம்.

இந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் உள்ளே புழு உருவாகிவிடும், ஓடும் கெட்டிப்படும். பிறகு தொட்டி காய்ந்தாலும், குதிரில் வைத்த விதைநெல் போல முட்டை பல மாதம் உயிரோடு கிடக்கும். குளிர்நாடுகளில் இதன் உறவான ஆசியப் புலிக்கொசு, பகல் குறைவதை உணர்ந்து உறங்கும் முட்டைகளை இடுகிறது. அவை உறைபனியையும் தாண்டி வசந்தத்தில் பொரிக்கின்றன. நமக்குக் கோடைதான் அந்தப் பனிக்காலம். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பித் தண்ணீர் முட்டையைத் தொட்டதும் புழு வெளிவரும். 7 முதல் 10 நாளில் கொசுவாகப் பறக்கும்.

புகை மருந்து முட்டையை ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. மழைக்கு முன்பே தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய நீரை வெயில்படும் மண்ணில் ஊற்றுங்கள், கால்வாயில் வேண்டாம். மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள். பழைய டிராக்டர் டயரின் உட்புறத்தைத் தேய்ப்பது பெரும்பாடு. அதை நனையாத இடத்தில் போட்டுவிடுங்கள்.