ஆம்பலும் நீலமும்

மலாய்மொழியில் 'தெராத்தாய்' என்னும் ஒரு சொல்லே தாமரையையும் அல்லியையும் சேர்த்துக் குறிப்பதுண்டு. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பழந்தமிழர் ஆம்பல், குவளை, நெய்தல், கழுநீர் எனப் பிரித்தறிந்த பூக்களுக்கெல்லாம் 'அல்லி' என்று பொருளெழுதி வகுப்பை நகர்த்திவிடுகிறோம். கபிலரோ குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் ஆம்பலையும் குவளையையும் நெய்தலையும் தனித்தனியே நிறுத்தியிருக்கிறார்.

தாமரையை முதலில் விலக்கிவிடலாம். அதன் முதிர்ந்த இலை நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும்; வட்டத்தில் பிளவு இராது. மரபுவழியில் அது அல்லிக்கு நெருங்கிய உறவும் அன்று. உண்மையான உடன்பிறப்புகள் வேறு இரண்டு. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் ஆம்பல் ஒன்று. நீலோற்பலம், கருங்குவளை எனப்படும் நீலம் மற்றொன்று. இரண்டும் நிம்பேயா என்னும் ஒரே பேரினத்தவை. ஆம்பல், நிம்பேயா பியூபெசென்ஸ்; நீலம், நிம்பேயா நௌசாலி. இலங்கையின் தேசிய மலர் இந்த நீலமே.

பூவைக் காணுமுன் இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். ஆம்பலின் இலை விளிம்பில் கூரிய பற்கள் இருக்கும். அடிப்புறத்தில் மென்மயிர் படர்ந்திருக்கும். 1799 இல் செருமானியத் தாவரவியலார் வில்டெனோ சூட்டிய இலத்தீன் பெயருக்கு 'மென்மயிர் உடையது' என்பதே பொருள். நீலத்தின் இலை அடியில் வழுவழுப்பானது. விளிம்பு மட்டமாகவோ சற்றே அலைபோலவோ அமையும். நீலத்தின் மகரந்தத்தாள் ஒவ்வொன்றும் பைக்கு மேலும் நீண்டு சிறு நுனியாக முடியும். ஆம்பலில் அந்நுனி இல்லை.

பாடம் நடத்துவோர்க்கு முதன்மையான வேறுபாடு பொழுதுதான். ஆம்பல் இருட்டியபின் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும். நீலம் காலையில் விரிந்து மாலைக்குள் கூம்பும். திங்களைக் கண்டு மலர்வதாகப் புலவர் பாடியது வெறுங்கற்பனை அன்று, ஆம்பலை உற்றுநோக்கியதன் பயன். இரண்டையும் அல்லி என்றே படித்த மாணவன் அந்தியில் நீலக்குளத்தருகே சென்றால் மூடிய அரும்புகளையே காண்பான். புலவர் பொய்த்தார் என்று எண்ணுவான். மகளிர் கண்ணுக்குக் குவளையை உவமை கூறுமிடத்தில் வெள்ளைப் பூவை நினைத்துக்கொண்டால் அவ்வுவமை என்னாவது?

தண்ணீர்மலைப் பக்கத்தில் 1884 முதல் இருந்துவரும் பினாங்குத் தாவரப் பூங்காவில் அல்லிக்குளம் உண்டு. இவ்விரண்டும் வளரும் குளம் எதுவாயினும், காலையில் ஒன்று கூம்புமுன் மற்றது விரியும் சிறுபொழுதே மாணவரை அழைத்துச் செல்ல ஏற்றது. ஒன்றை மட்டும் கவனிக்க: தொட்டிகளில் வளர்க்க விற்கப்படுபவற்றுள் பல கலப்பினங்கள், அவற்றின் நிறத்தை நம்பிப் பெயரிடலாகாது.