புனித நகரும் புதிய நகரும்

சான் ரமோன் ஒரு நகரமாகப் பதிவானது 1983இல். எம்மில் பலரை நாட்டைவிட்டு ஓடவைத்த ஆண்டும் அதுதான். இத்தகைய இளம் நகரங்களில் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், யாழ்ப்பாணம் செல்லும் வழியில் அனுராதபுரத்தில் இறங்கிப் பார்ப்பதுண்டு. பண்டைய வரலாறும் இன்றைய வாழ்வும் கலந்த நகரம் என்று உல்லாசப் பயணிகளுக்கு அது அறிமுகப்படுத்தப்படுகிறது. இந்தக் 'கலப்பு' எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது அவசியம்.

ஒருவகையில் அது உண்மையே. கிறிஸ்துவுக்கு முன் கட்டப்பட்ட திசா வாவி இன்றும் நீரைத் தேக்கி நிற்கிறது. ஸ்ரீ மகாபோதியில் நாளாந்தம் வழிபாடு நடக்கிறது. ஆனால் தாதுகோபங்களைச் சூழ்ந்துள்ள அந்த அமைதி மிக அண்மைக்காலத்தது. 1873இல் பிரித்தானியர் அனுராதபுரத்தை வடமத்திய மாகாணத்தின் தலைநகராக்கினர். இடிபாடுகளுக்கிடையே கடைத்தெருவும் அரச அலுவலகங்களும் கொண்ட ஓர் ஊர் வளர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அங்கு கணிசமாக வாழ்ந்தனர். 1942ஆம் ஆண்டு அனுராதபுரப் பாதுகாப்புச் சட்டத்தின் பின், மல்வத்து ஓயாவுக்கு அப்பால் புதிய நகரம் அமைக்கப்பட்டு, பழைய ஊரின் மக்கள் படிப்படியாக அங்கு மாற்றப்பட்டனர். எஞ்சியது 'புனித நகர்' ஆயிற்று. 1982இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இடிபாடுகளைப் பாதுகாக்கத்தான் வேண்டும். பாதுகாக்கப்பட்டது எந்த வரலாறு என்பதே கேள்வி. பரணவிதான 1940இல் வெளியிட்ட பிராமிக் கல்வெட்டொன்று, அந்நகரில் தமிழ்க் குடும்பத் தலைவர்களுக்கெனப் பெயர் குறித்த இருக்கைகளுடன் ஒரு மேடை இருந்ததைச் சொல்கிறது. அவர்களில் ஒருவர் மாலுமி. எல்லாளன் அங்கு 44 ஆண்டுகள் நீதியோடு ஆண்டதாக மகாவம்சமே கூறுகிறது. புராதன நகர் பலருக்கும் உரியதாக இருந்திருக்கிறது. அதை ஓர் இனத்தின், ஒரு மதத்தின் நினைவுச்சின்னமாக்கியது நவீன காலமே. 2011இல் அங்கிருந்த முஸ்லிம் தர்கா ஒன்று பௌத்த பிக்கு ஒருவரின் தலைமையில் வந்த கூட்டத்தால் இடிக்கப்பட்டது இதன் தொடர்ச்சிதான்.

இதைப் பேரினவாதத்தின் குற்றமாக மட்டும் எழுதி முடிப்பது எமக்கு வசதியானது. 1985 மே 14இல் விடுதலைப் புலிகள் அந்நகரின் பஸ் நிலையத்திலும் மகாபோதியிலும் பொதுமக்களைச் சுட்டனர். கொல்லப்பட்டோர் நூற்றுக்கும் மேல். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்துச் சோனகதெருவின் முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அனுராதபுரத்தில் சட்டமும் வரைபடமும் பல ஆண்டுகளாகச் செய்ததை, எமது நகரில் துப்பாக்கி ஒரே பகலில் செய்தது. முறைகள் வேறு. ஆனால் ஒரு நகரை ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியதாக்கும் எண்ணம் இரண்டிலும் இருந்தது.

ஆகவே போகிறவர்கள் தாதுகோபங்களோடு திரும்பிவிடாமல் புதிய நகரையும் பாருங்கள். இந்த ஊர் ஏன் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் சேர்ந்தபின் சோனகதெருவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு எம்மிடம் என்ன பதில் உண்டு என்பதை இப்போதே விவாதிக்கத் தொடங்கலாம்.