நாடித்துடிப்போடு நம்பிக்கையும்

காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று செவிலியர் கேட்டு எழுதிக்கொள்கிறார். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இன்னொரு கேள்வியும் உண்டு: “கஷ்ட காலத்தில் உங்களுக்குத் தெம்பு தருவது எது?”

இது வெறும் குசல விசாரிப்பு அல்ல; நோயாளியின் நம்பிக்கை சிகிச்சையையே மாற்றக்கூடும். சர்க்கரை நோயாளி ரமலான் நோன்பு நோற்றால் இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுப்பார்கள். அறுவை சிகிச்சை மேசையில் அது தெரியவந்தால் என்ன செய்வது? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. பன்றியைத் தவிர்ப்பவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுவதே நியாயம்.

1996இல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி நோயாளியின் நம்பிக்கையைக் கேட்டறிவதற்கென ஓர் எளிய கேள்வி வரிசையை உருவாக்கினார். நம்பிக்கை என்ன, வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம், துணை நிற்கும் சமூகம் உண்டா, சிகிச்சையில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நான்கே விஷயங்கள். கடவுள் மறுப்பாளரிடமும் கேட்கலாம். அவருக்குத் தெம்பு இசையாக இருக்கலாம், பேரப்பிள்ளையாக இருக்கலாம்.

இந்த எண்ணம் புதிதல்ல. செவிலியராகத் தொடங்கி மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில், மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோதே, மரணப் படுக்கையின் வலியில் உடலோடு மனமும் ஆன்மாவும் சேர்ந்து நோகின்றன என்று வாதாடினார்.

செவிலியர் தன் மதத்தை இங்கே நுழைக்கவே கூடாது. நோயாளி விரும்பினால் பாதிரியாரையோ இமாமையோ வரவழைக்கலாம். அதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் தெரிய வேண்டுமே.