பாஞ்சாலங்குறிச்சியை கேம் மேப் ஆக்க ஆள் தேவை... கோடிங் தெரிந்தால் மட்டும் போதுமா?

``பாளையக்காரர் போரை வெச்சு ஒரு மேப் பண்றோம். டிராயிங், கோடிங் தெரிஞ்சவங்க வாங்க. சம்பளம் கிடையாது, பேர் போடுவோம்!" கேம் ஆடும் பிள்ளைகளின் செல்போனுக்கு இப்படியோர் அழைப்பு வந்தால், கை பரபரக்கத்தான் செய்யும். வீட்டில் அம்மாவுக்கோ, `யாருக்கோ ஏன் ராத்திரி பகலா உழைக்கணும்?' என்று தோன்றும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

விறகு வெட்டி, தங்கம் சேர்த்து, படை திரட்டி, எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டுகளுக்கு `ஸ்ட்ராட்டஜி கேம்' என்று பெயர். `ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', `வார்கிராஃப்ட்' போன்றவை இந்த ரகம். கேமோடு சேர்த்து `எடிட்டர்' என்ற கருவியையும் நிறுவனங்கள் தருகின்றன. ஆறு எங்கே, மலை எங்கே, எந்தப் படை எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் ஆடுபவர்களே அதில் தீர்மானிக்கலாம். அப்படி உருவாவதுதான் `கஸ்டம் மேப்'.

விளையாட்டாய் ஆரம்பித்தது...

இதைச் சின்னப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2002-ல் வெளியான வார்கிராஃப்ட் 3 எடிட்டரில் ரசிகர்கள் உருவாக்கிய `டோட்டா' என்ற மேப், பலர் கை மாறி வளர்ந்தது. அதன் வாரிசான `டோட்டா 2'-க்கு 2011-ல் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு 10 லட்சம் டாலர். `ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு ரசிகர்கள் சேர்ந்து செய்த `ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற இணைப்பு, 2013-ல் அதிகாரபூர்வ வெளியீடாகவே வந்தது. அதே கேமில் 2022-ல் `திராவிடர்கள்' என்ற தனிப் பிரிவும், ராஜேந்திர சோழனின் கதையும் சேர்ந்தன.

சோழர் காலத்து வாளும் வேலும் அங்கே சரி. பீரங்கியும் துப்பாக்கியுமே பிரதானம் என்றால் `ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' பக்கம் போகலாம். காலனி ஆதிக்கக் காலம்தான் அதன் களமே. 2007-ல் வந்த அதன் ஆசியப் பகுதியில் 1857 சிப்பாய்க் கிளர்ச்சி ஒரு கதையாக வருகிறது. 1801-ன் பாஞ்சாலங்குறிச்சியை ஒரு குழு மேப் ஆக்க நினைத்தால் இந்த எடிட்டர் பொருத்தமாக இருக்கும்.

1801-ல் என்ன நடந்தது?

கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது எல்லோருக்கும் தெரியும். 1959-ல் வந்த சிவாஜி படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால், போர் அதோடு முடியவில்லை.

பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் தன் ஆட்களோடு தப்பினார். இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களிலேயே மண்ணால் மறுபடி எழுந்தது. மார்ச் 31-ம் தேதி அதைப் பிடிக்க வந்த கம்பெனிப் படை, பலத்த அடி வாங்கித் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே, மே 24-ம் தேதி கோட்டை விழுந்தது.

ஒரு மேப்புக்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. சிறை உடைப்பு முதல் கட்டம், கோட்டை கட்டுவது இரண்டாம் கட்டம், முற்றுகையைத் தாங்குவது மூன்றாம் கட்டம். கோடிங் தெரிந்த 2 பேர் போதும் என்றுதான் தோன்றும். சிக்கல் அதற்குப் பிறகுதான்!

பெண்கள் காப்பாற்றிய கதை

அந்த முற்றுகையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830-ல் தன் போர் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். போரில் விழுந்து கிடந்தவர்களுக்கிடையே தன் மகனைத் தேடி வந்தார் ஒரு தாய். உயிர் ஊசலாடிய மகனோ, `என்னை விடு, அவரைக் காப்பாற்று' என்று பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். தேடி வந்த எட்டயபுரம் வீரர்களிடம், மேலே துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்துவிட்டதாகச் சொல்லி நம்ப வைத்தார்கள். வீரர்கள் பயந்து விலகினார்கள், ஊமைத்துரை பிழைத்தார்.

கேமின் படைப் பட்டியலில் துப்பாக்கி வீரன் உண்டு, குதிரை வீரன் உண்டு. இந்தத் தாய்க்கு அதில் இடம் இல்லை. ஆனால், எடிட்டரில் வழி இருக்கிறது. `இது நடந்தால், அது நடக்கட்டும்' என்று கட்டளை கொடுக்கும் வசதிக்கு `ட்ரிகர்' என்று பெயர். எதிரி வீரர் நெருங்கினால், பெண் பேச வேண்டும். பேசி முடித்ததும் வீரர் பின்வாங்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனால், அந்தச் சம்பவம் குழுவில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாவிட்டால், கோட்டை விழுந்ததும் `நீங்கள் தோற்றுவிட்டீர்கள்' என்று திரையில் எழுத்து வரும். வென்றவன் பார்வையில் கதை முடிந்துவிடும்.

எதிரி யார், என்ன நிறம்?

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. மேப்பில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்குச் சிவப்பு, நமக்கு நீலம் என்று முடித்துவிடலாமா? கம்பெனிப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். சிவகங்கையின் மருது சகோதரர்களோ ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்து, 1801 அக்டோபரில் தூக்குமேடை ஏறினார்கள்.

இந்த ஊர்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். யாரையோ போகிறபோக்கில் `துரோகி' என்று மேப்பில் எழுதிவிட்டால், அது ஒரு வீட்டுப் பிள்ளையின் மனதில் தைக்கும். ஒவ்வொரு பாளையத்துக்கும் தனி நிறம், தனி நோக்கம் கொடுத்தால், அவர்கள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பது ஆடுபவருக்கே புரியும்.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. `சிவிலைசேஷன் 6' கேமில் கனடா பூர்வகுடித் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்ப்பதாக 2018-ல் அறிவிப்பு வந்தபோது, அவர் வழிவந்த மக்களின் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. நிலத்தைப் பிடிப்பதே வெற்றி என்ற விளையாட்டுக்குள் தங்கள் தலைவரை நிறுத்தியது அவர்களுக்கு உறுத்தியது. மாறாக, 2020-ல் `ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' புதுப்பிக்கப்பட்டபோது பூர்வகுடி ஆலோசகர்களிடம் கேட்டார்கள். `இராக்வாய்' என்ற பெயர், அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் `ஹாடனோஷோனி' என்று மாறியது. `சூ' என்பது `லகோட்டா' ஆனது.

யார் யார் வேண்டும்?

* நிலம் வரைபவர்: கரிசல் காட்டில் பச்சைப் புல்வெளி முளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* ட்ரிகர் எழுதுபவர்: சம்பவங்களை வரிசையாகக் கோப்பவர்.
* படிப்பவர்: நூலகத்தில் உட்கார்ந்து இரு தரப்புக் குறிப்புகளையும் ஒப்பிடுபவர். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் கிடைத்தால் அதிர்ஷ்டம்!
* வசனமும் குரலும்: தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரப் பேச்சு தெரிந்தவர். சினிமா வசனத்தை அப்படியே எடுத்துப் போடக் கூடாது, அதற்கு உரிமையாளர் உண்டு.
* ஆடிப் பார்ப்பவர்: தவறுகளைச் சலிக்காமல் சொல்பவர்.

கவனித்தீர்களா? 5 பேரில் கேம் எடிட்டர் தெரிந்திருக்க வேண்டியவர்கள் 2 பேர்தான். தாத்தாவும் பாட்டியும்கூட இதில் சேரலாம்.

அழைப்பவருக்கும் சேர்பவருக்கும்

`பிரமாதமான ஐடியா இருக்கு, ஆள் வேணும்' என்று மட்டும் அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் நிற்க மாட்டார்கள். முதலில் 10 நிமிடம் ஆடக்கூடிய சின்னப் பகுதியை நீங்களே செய்து காட்டுங்கள். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எப்போது முடியும், யார் பெயர் எங்கே வரும் என்பதை எழுதியே சொல்லிவிடுங்கள். முழுப் போரையும் எடுக்காமல், மார்ச் 31 ஒரு நாளை மட்டும் எடுத்தால் முடிக்க முடியும்.

சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மேப்களைப் பொதுவாக விற்க முடியாது. வார்கிராஃப்ட் 3-ல் உருவாகும் மேப்களின் உரிமை தனக்கே என்று அதன் நிறுவனம் 2020-ல் விதி வகுத்தது. எந்த கேமாக இருந்தாலும் விதிமுறைகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு: இந்தக் குழுக்கள் கூடும் `டிஸ்கார்ட்' செயலியில் சேர 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பணம் கேட்டாலோ, வீட்டு விலாசமும் புகைப்படமும் கேட்டாலோ உடனே விலகிவிடச் சொல்லுங்கள். பரீட்சை நேரத்தில், `ஒரு மாசம் வர முடியாது' என்று சொல்லும் தைரியத்தையும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

கோட்டையைப் பிடித்த கம்பெனி, அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. இன்று ஓட்டப்பிடாரம் அருகே நாம் பார்ப்பது பிற்காலத்தில் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. மேப் செய்ய நினைக்கும் பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே அழைத்துப் போய் வாருங்கள். எந்தப் பக்கமிருந்து பீரங்கி வந்திருக்கும், எந்தப் பாதையில் அந்தப் பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று அந்த மண்ணில் நின்று யோசிக்கட்டும். எடிட்டரைத் திறப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்!