கன்றுக்குட்டி வாயில் கட்டியா? சூடு போடாதீர்கள்!

தூத்துக்குடி என்றால் துறைமுகம், முத்து, உப்பு. ஆனால், உப்பளத்தைத் தாண்டி ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் போனால், ஒரு கறவை மாடும் கன்றும்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகின்றன. அந்தக் கன்று பால் குடிக்காமல் எச்சில் ஒழுக நின்றால்? ஈறிலோ, உதட்டிலோ கட்டி இருக்கலாம்.

"சூடு போட்டா சரியாப் போகும்", "குதிரை முடியால கட்டி இழு, தானா விழும்" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து!

கையை விடாதீர்கள்!

வெறிநாய் கடித்த கன்றும் இப்படித்தான் எச்சில் ஒழுக்கும். விழுங்க முடியாமல் தவிக்கும். வாய்க்குள் வெறுங்கையை விட்டால் மனித உயிருக்கே ஆபத்து. தெரியாமல் விட்டுவிட்டால், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

காலிபிளவர் பூப்போல இருந்தால் பெரும்பாலும் அது மரு. வைரஸ் கிருமியால் இளங்கன்றுகளுக்கு வருவது. பல மருக்கள் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். முள் குத்திய புண் வழியாகக் கிருமி புகுந்து நாக்கு கட்டை போல விறைத்தால், கத்தி தேவையில்லை; அயோடைடு ஊசிக்குக் கேட்கும். கோமாரிக் கொப்புளத்தையும் அறுக்கக் கூடாது.

கத்தி எப்போது?

கட்டி பெருத்து, கன்று பால் உறிஞ்ச முடியாமல் மெலிந்தால் ஆபரேஷன்தான் வழி. கன்றை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலும் ரத்தமும் நுரையீரலுக்குள் போகாதபடி தலையைத் தாழ்த்துவார்கள். மயக்க மருந்தில்தான் கவனம் வேண்டும். சைலசின் என்ற மருந்து, குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். கட்டியைச் சுற்றி மரப்பு ஊசி போட்டு, அடியோடு அறுத்து, ரத்தக் குழாயைக் கட்டித் தையல் போடுவார்கள். அறுத்த சதை, புற்றா என்று பார்க்கப் பரிசோதனைக்குப் போகும்.

வலிக்கு டைக்ளோபினாக் ஊசி கூடாது. பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-லேயே மாடுகளுக்கு அது தடை! மெலாக்சிகம் போடலாம்.

புண் ஆறும்வரை பால், கஞ்சி, இளம்புல். வைக்கோல் வேண்டாம்.

எங்கே போவது?

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டலாம். பெரிய ஆபரேஷன் என்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கன்றைத் தூக்கிப் போக வழியில்லையா? 1962-க்குப் போன் போடுங்கள். நடமாடும் ஆஸ்பத்திரி வண்டி வரும். சூட்டுக்கோலைத் தூக்கிப் பரணில் போடுங்கள்!