தயக்கம்

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையனை எழுப்பி, “வேங்கை என்றால் என்ன?” என்று கேட்டோம். எழுந்து நின்றான், வாயைத் திறக்கவில்லை. “ஏனடா தயங்குகிறாய்? தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் உட்கார்!” என்று அதட்டினோம். உட்கார்ந்துவிட்டான்.

மணி அடித்த பிறகு மேஜையருகே வந்து நின்றான். “மரத்தைக் கேட்டீர்களா, புலியைக் கேட்டீர்களா என்று யோசித்தேன், ஸார்” என்றான். வேங்கை மரமும் உண்டு, வேங்கைப் புலியும் உண்டு. பிழை நம் கேள்வியில் அல்லவா இருந்தது!

அன்றிரவு ‘தயங்கு’ என்ற சொல்லைத் தேடிச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினோம். தீர்மானம் செய்ய மாட்டாமல் நிற்பதுதான் இன்று நமக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள். ஆனால் அந்தச் சொல்லுக்கு அசைதல் என்றும், ஒளிவிடுதல் என்றும் பொருள்கள் உண்டு! மனம் கலங்குதல், வாடுதல் என்பனவும் உண்டுதான். சங்கப் புலவர்கள் பெருங்கடலின் அலைகளுக்கே இச்சொல்லை அடைமொழியாக்கியிருக்கிறார்கள். அலை எங்கே தயங்கி நிற்கிறது? ஓயாமல் அசைகிறது, அசையும்போதே வெயிலில் மின்னுகிறது. அசைவும் ஒளியும் ஒரே சொல்லில் அடங்கிய காரணம் இதுவாகவே இருக்கலாம் என்பது நம் ஊகம். மார்பில் புரளும் அணிகலனைப் பார்த்தவர்களுக்கும் இது விளங்கும்.

இப்படிச் சலித்துக்கொண்டேயிருந்த சொல், மனத்தின் சலனத்தைக் குறிக்க வந்து, கடைசியில் வெளியே தெரியும் அசையாமையின் பெயராகிவிட்டது. ‘ஊசலாட்டம்’ என்ற சொல்லுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஊஞ்சல் இன்னும் அதில் ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷ்காரர்களின் ‘டவுட்’ லத்தீன் வழி வந்தது. அதன் வேரில் ‘இரண்டு’ என்னும் எண் ஒளிந்திருக்கிறது என்பார்கள். ஜெர்மானியரின் ‘ட்ஸ்வைஃபல்’ என்ற சொல்லிலும் அந்த எண்ணே இருக்கிறது. நாமும் ‘இருமனப்பட்டான்’ என்கிறோமே!

இருபது வருஷ உபாத்தியாயத் தொழிலில் இப்படி எத்தனை பையன்களை உட்காரச் சொன்னோமோ! அவர்களில் எத்தனை பேர் விடை தெரியாதவர்கள், எத்தனை பேர் இரண்டு விடை தெரிந்தவர்கள் என்று இனி யார் கணக்கெடுப்பது? முந்திக்கொண்டு கத்திய பையன்களுக்கு மார்க்குப் போட்டது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

மறுநாள் அந்தப் பையனை எழுப்பி, முதல் நாள் கேட்ட கேள்வியே சரியில்லை என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டோம். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், பாவம், மறுபடியும் தயங்கினான்.