கரி படிந்த சுவரில் பூத்த பூக்கள்

அடுப்புக் கரி படிந்த சுவரைக் கண்டால் எந்தப் பெண்ணுக்கும் மனசு கேட்காது. கொஞ்சம் சுண்ணாம்பாவது அடித்தால்தான் நிம்மதி. போலந்து நாட்டின் ஸாலிப்யெ கிராமத்துப் பெண்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். இன்று அந்தச் சுவர்களைப் பார்க்க வெளிநாட்டார்கூட வருகிறார்கள்!

ஸாலிப்யெ, ஓலெஸ்னோ என்ற 'க்மினா'வைச் சேர்ந்தது. க்மினா என்றால் பல கிராமங்கள் அடங்கிய உள்ளாட்சி வட்டாரம். அதன் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிராமத்துக்கென்று தனியாக ஒரு ஊர்த் தலைவரும் உண்டு. பெண்களும் அந்தப் பதவிக்கு வரலாம். 2009-ல் வந்த சட்டப்படி, க்மினா பணம் ஒதுக்கினால், அதை எதற்குச் செலவழிப்பது என்று ஊர்க்கூட்டமே தீர்மானிக்கலாம். வீட்டுக் கணக்குப் பார்த்துப் பழகிய கைகளுக்கு இது புதுசா, என்ன?

சரி, பூக்கள் எப்படி வந்தன? அந்தக் காலத்து வீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை வீடெல்லாம் சுற்றும்; கண் எரியும், சுவர் கறுக்கும். பெண்கள் சுண்ணாம்பைத் தொட்டுத் திட்டுத் திட்டாக வைத்துக் கறையை மறைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகைபோக்கி வந்தது. சுவரும் வெளுப்பாக நின்றது. திட்டுகள் மெல்லப் பூக்களாயின. வர்ணம் வாங்கக் காசு ஏது? கரி, களிமண், சுண்ணாம்பு, கரைக்கப் பால்! மாட்டு வால் மயிர்தான் தூரிகை.

இவர்களில் பெயர் பெற்றவர் ஃபெலித்ஸ்யா த்ஸுரிவோவா (1904–1974). வீட்டின் உள்ளும் புறமும் பூக்களாலேயே நிறைத்தவர். அவர் மறைவுக்குப் பின் அந்த வீடே அருங்காட்சியகமாகிவிட்டது.

போர் ஓய்ந்த பிறகு, 1948-ல், 'வண்ணம் தீட்டிய குடிசை' என்ற போட்டி முதன்முதலாக நடந்தது. பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஒட்டி நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். அதற்குள் மழையிலும் வெயிலிலும் மங்கிய பூக்களைப் புதுப்பித்தாக வேண்டும். கவலையும் இங்கேதான். அம்மா வரைந்த பூ, மகள் தூரிகை எடுக்காவிட்டால் சில வருஷங்களில் அழிந்துபோகும். அதனால்தான் ஊரில் 'ஓவியப் பெண்கள் இல்லம்' என்று ஒன்று வைத்து, அடுத்த தலைமுறைக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள்.

போலந்தில் கிராமத்து இல்லத்தரசிகளின் முதல் சங்கம் 1866-லேயே தோன்றியது. சமையல், தையல், சுகாதாரம், திருவிழா எல்லாம் சேர்ந்தே செய்வார்கள். 2018-ல் வந்த தனிச் சட்டம் இச்சங்கங்கள் பதிவு செய்துகொண்டு அரசு உதவி பெற வழி செய்தது.

கரியைத் துடைக்கும் வேலைக்கு யாரும் கைதட்டியதில்லை. அதே கைகள் அந்த இடத்தில் ஒரு பூவை வரைந்தபோது, ஊருக்கே பெயர் கிடைத்துவிட்டது!